முதலில் அகத்தி, கடைசியில் சந்தை

வெற்றிலைக் கொடிக்கால் வேலை பழக வருகிற பையன்கள் எடுத்த எடுப்பில் கேட்பது ஒன்றுதான்: "சுமை என்ன வெலைக்குப் போகுதுங்கண்ணா?" கேட்பதில் தப்பில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் வெற்றிலையில் விலை என்பது கடைசிப் பாடம். எனக்கு வேலை பழக்கிய மாமா ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் அகத்தி, அப்புறம் தண்ணீர், பிறகு கட்டு, பிறகு கிள்ளு, அதற்கும் பிறகு கவுளி, எல்லாம் கைவந்த பின்னால் சந்தை. ஒன்று தேறாமல் அடுத்ததில் கை வைக்க விடமாட்டார். இன்று என்னிடம் வருகிறவர்களுக்கு நானும் அதே வரிசையில்தான் சொல்லிக் கொடுக்கிறேன். கொடிக்காலில் இறங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நாமக்கல் மாவட்டத்துப் பரமத்தி வேலூர். கோட்டை இருக்கிற வேலூர் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். எங்களுக்குக் கோட்டை கிடையாது, காவிரி உண்டு. பாலத்தைத் தாண்டினால் தவிட்டுப்பாளையம், கரூர் மாவட்டம். இந்தக் கரையில் பொத்தனூர், பாண்டமங்கலம், வெங்கரை, அனிச்சம்பாளையம், நஞ்சை இடையாறு என்று ஆற்றை ஒட்டியே ஊர்கள். வாழை, கரும்பு, தென்னை, கோரை, வெற்றிலை எல்லாம் வாய்க்கால் தண்ணீரில் விளைபவை. மேலே ஜேடர்பாளையம் படுகையணையில் ராஜா வாய்க்கால் பிரிகிறது. அதிலிருந்து குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் என்று கிளைகள். 16,000 ஏக்கருக்குமேல் இந்தத் தண்ணீரை நம்பி நிற்கிறது. பல தலைமுறைக்கு முன்னால் அல்லாள இளைய நாயக்கர் வெட்டிய வாய்க்கால் இது என்று எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். கொடிக்காலுக்குள் நிற்கும்போது அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. மடை திறந்தால் தண்ணீர் வருகிறது, அது போதும்.

இனி அகத்தி.

வெற்றிலைக்கொடி தானாக நிற்காது. ஏற ஒரு மரம் வேண்டும், மேலே நிழல் வேண்டும். இரண்டையும் அகத்தி தருகிறது. ஆனி, ஆடியில் கொடி ஊன்ற வேண்டுமென்றால் ஏறக்குறைய ஒன்றரை மாதம் முன்பே, சித்திரைக் கடைசி வைகாசி வாக்கில், பாத்தியில் வரிசையாக அகத்தி விதைத்துவிட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒன்றரை மாதம் பொறுக்காது. கொடிக்கால் என்று சொல்லிவிட்டு ஒரு கொடியும் இல்லாத நிலத்தில் களை பறித்துக்கொண்டு நிற்பார்கள். "எப்பங்க வெத்தலை ஊன்றது?" என்று தினமும் கேட்ட ஒருவனிடம் மாமா, "மொதல்ல வீட்டைக் கட்டுடா மாப்ளே, பொறவு பொண்ணைக் கூட்டியாரலாம்" என்றார்.

விதை முளைத்த பிறகு எல்லாவற்றையும் வளர விடக்கூடாது. வளைந்தது, நோஞ்சான், வரிசை தப்பியது எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு நேராக ஓடுவதை மட்டும் விட வேண்டும். நாலு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை ஒடித்தால் பக்கக்கிளை விரிந்து குடை பிடிக்கும். அந்தக் குடை எவ்வளவு அடர்த்தியாக இருக்கலாம் என்பதுதான் அகத்திப் பாடத்தின் சாரம். பங்குனி, சித்திரை வெயிலில் தரையில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்தால் சரி. அதற்குமேல் விழுந்தால் இலை வெளுத்துச் சுருளும். புரட்டாசி பிறந்ததும் கிளையைக் கழித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிழலும் ஈரமும் சேர்ந்து நின்றால் கொடி அழுகும். கழித்த தழை ஆட்டுக்குப் போகிறது. எங்கள் பக்கத்தில் கொடிக்கால்காரர் வீட்டில் ஆடு இல்லாமல் இருக்காது. அதன் புழுக்கை திரும்பக் கொடிக்காலுக்கே வரும்.

அகத்தியோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது காற்று. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் பக்கத்தில் கடுமையாக அடிக்கும். வெற்றிலை கிழிந்தால் காசு இல்லை. அதனால் மேற்குப் பக்கம் நாலைந்து வரிசை வாழை வைத்துவிடுவோம். வாழையிலை கிழிந்து நாராகத் தொங்கினாலும் வெற்றிலை முழுசாக இருக்கும். வாழையின் நார் பின்னால் கட்டுக்கும் உதவும்.

அடுத்தது தண்ணீர். கொடிக்கால் கெடுவதில் முக்கால்வாசி தண்ணீரால்தான், அதுவும் பஞ்சத்தால் அல்ல, மிச்சத்தால். கொடி எப்போதும் ஈரம் கேட்கும். ஒருபோதும் குளிக்கக் கேட்காது. பாய்ச்சிய தண்ணீர் அரை மணி நேரத்துக்குமேல் பாத்தியில் நின்றால் வேர் மூச்சுத் திணறும். ஆகையால் பாத்தி எடுக்கும்போதே வடிகாலை ஆழமாக வெட்ட வேண்டும். தண்ணீர் வருகிற வாய்க்காலை எல்லாரும் ஒழுங்காக வெட்டுவார்கள். போகிற வடிகாலில்தான் சோம்பல் படுவார்கள். மாமா யார் கொடிக்காலுக்குப் போனாலும் கொடியை நிமிர்ந்து பார்க்கமாட்டார். கடைசி வடிகால் வரை நடந்துபோய், அங்கே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்புவார். அந்தத் தோட்டம் மழைக்குத் தாங்குமா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஐப்பசி மழை ராத்திரியில்தான் அதிகம். மழைச் சத்தம் ஓட்டில் கேட்டதும் மண்வெட்டியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டாம். விடிந்து போய்ப் பார்த்தால் மடை அடைத்துக் கிடக்கும், தண்ணீர் பாத்தியில் தளும்பும். பத்து நாள் கழித்துக் கொடியின் அடித்தண்டு கறுத்து, இலை தொங்கும். அதுதான் வாடல். ஒரு கொடியில் கண்டால் வரிசைக்குப் போகும், வரிசையில் கண்டால் தோட்டத்துக்குப் போகும். ஆற்றங்கரைக்காரர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2,00,000 கன அடிக்குமேல் திறந்தபோது காவிரி இரு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் வடிகாலும் உதவாது. வடிகால் போய்ச் சேர வேண்டிய ஆறே மேலேறி வரும்போது மனிதனால் ஆகிறது ஒன்றுமில்லை. அதனால்தான் பழைய ஆட்கள் ஆற்றுக்கு மிக ஒட்டிய தாழ்ந்த நிலத்தில் கொடிக்கால் வைக்காமல் கரும்பையோ கோரையையோ வைத்தார்கள்.

வாடலுக்கு மருந்து போர்டோ கலவை. செலவு குறைவு, கவனம் அதிகம். வேருக்கு ஊற்ற 0.25 சதம் போதும்: 100 லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ மயில்துத்தம், கால் கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியாகக் கரைக்க வேண்டும். துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றினால் கலவை திரிந்துபோகும். இரும்புப் பாத்திரமும் தகர டிரம்மும் ஆகவே ஆகாது. மண்பானை அல்லது பிளாஸ்டிக் டிரம். கலந்த பிறகு பளபளவென்று தீட்டிய கத்தியைச் சற்று நேரம் அதில் அமிழ்த்தி எடுத்துப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் ஏறியிருந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். ஏறவில்லையென்றால் ஊற்றலாம். அன்றைக்குக் கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். குளிர் மாதங்களில் மாதம் ஒருமுறை, குத்துக்கு அரை லிட்டர், வேர் நனைய ஊற்றுங்கள். இலையில் படக்கூடாது. இலையை மனிதன் பச்சையாக வாயில் போட்டு மெல்கிறான் என்பதை மருந்து கையில் எடுக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டும். தெளித்தே தீர வேண்டிய நோய் வந்தால், பறிக்க வேண்டியதை முதலில் பறித்துவிட்டுத்தான் தெளிப்பது.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. வெற்றிலை லட்சுமி என்பார்கள். சாமி நம்பிக்கை இல்லாத பையன் ஒருவன் இதைப் பார்த்துச் சிரித்தான். நான் வாதாடவில்லை. "நேத்து எந்தத் தோட்டத்துல நின்னே?" என்று மட்டும் கேட்டேன். வாடல் விழுந்த தோட்டம் ஒன்றைச் சொன்னான். அந்தத் தோட்டத்துச் சேறு செருப்பில் ஒட்டி இங்கே வந்தால் நோயும் கூடவே வரும் என்றேன். அன்றிலிருந்து வரப்பிலேயே கழற்றிவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு வருகிறான். முன்னோர் சாமி பேரைச் சொல்லியிருந்தாலும் வேலைக்காரனுக்கு வேண்டிய காரணமும் அதற்குள் இருக்கிறது.

விதைக்கொடி விஷயத்திலும் இதே எச்சரிக்கைதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட, நோயில்லாத கொடியின் மேல்பாகத்தில் மூன்று முதல் ஐந்து கணு உள்ள துண்டாக எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மலிவாகக் கிடைக்கிறதென்று முகம் தெரியாத தோட்டத்துக் கொடியை வாங்கி ஊன்றினார். கொடி பார்க்கப் பச்சையாகத்தான் இருந்தது. கார்த்திகைக்குள் பாதித் தோட்டம் கருகிப்போனது. விதைக்கொடி வாங்கப் போகிறவர் கொடியைப் பார்ப்பதற்கு முன் அது நின்ற மண்ணைப் பார்க்க வேண்டும். தாய்த்தோட்டத்தில் நாலு குத்து காலியாக இருந்தால், ஏன் காலி என்று கேட்டுவிட்டுத்தான் அரிவாளை எடுக்க வேண்டும்.

மூன்றாவது பாடம் கட்டு. என்னைக் கேட்டால் இதுதான் கொடிக்கால் வேலையின் உயிர். கொடி நீள நீள, பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை, ஒரு சாண் இடைவெளியில் அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். கட்டுவதற்கு வாழைநார் அல்லது சம்புப் புல். காலையில் தண்ணீரில் நனைத்து இடுப்பில் செருகிக்கொள்வோம். காய்ந்த நார் கொடியை அறுக்கும். கட்டு கணுவை ஒட்டி, கணுவுக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். கணுவில்தான் பற்றுவேர் விடும். அந்த இடம் பட்டையில் ஒட்டி நின்றால் கொடி தானே மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கணுவுக்கு நடுவில் கட்டினால் கணு விலகி நிற்கும், வேர் காற்றில் காயும். அடுத்த காற்றில் கொடி சரிந்துவிடும். இலையைக் கட்டுக்குள் சிக்கவைக்கவும் கூடாது.

எவ்வளவு இறுக்கம் என்பதை வாயால் சொல்லிக் கொடுக்க முடியாது. மாமா வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொரு கட்டிலும் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். நுழையாத கட்டை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு நடையை நிறுத்தாமல் போய்க்கொண்டிருப்பார். திட்டமாட்டார். சாயங்காலம் கீழே கிடக்கிற நாரை நாமே எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். அவர் விரல் தடித்து வெடித்துப்போன விரல். ஆனால் கொடியில் பட்டால் ஒரு கொழுந்துகூட ஒடியாது. ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் கொடியை அணைத்து, மறு கையாலேயே நாரைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கிள்ளிவிடுவார். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் கற்றோம். கூலி கொடுத்து ஆள் வைத்துக் கட்டலாம்; ஆனால் கட்டத் தெரியாதவர் கட்டுகிறவரை வேலை வாங்க முடியாது.

கட்டோடு சேர்ந்ததுதான் கொடி இறக்குவது. ஒரு வருஷத்தில் கொடி மூன்று மீட்டர் ஏறிவிடும். அதற்குமேல் இலை சிறுக்கும், வீரியம் குறையும். ஆவணி, புரட்டாசியில் இலையைப் பறித்துவிட்டு, கட்டுகளையெல்லாம் அவிழ்த்து, கொடியை மெல்லக் கீழே இறக்க வேண்டும். இலை இல்லாத அடித்தண்டை அகத்தியடியில் வளையமாகச் சுற்றி வைத்து மண் அணைத்து, நுனியை மட்டும் மறுபடி மரத்தில் ஏற்றிக் கட்ட வேண்டும். மண்ணுக்குள் போன கணுவெல்லாம் வேர் விட்டுக் கொடி மறுபடி இளசாகும். இறக்கிய பிறகு சில வாரம் வருமானம் இருக்காது. அதைப் பொறுக்க முடியாமல் "இன்னும் ரெண்டு பறிப்பு பார்த்துட்டு எறக்கலாம்" என்று தள்ளுகிறவர்கள்தான் அதிகம். தள்ளித் தள்ளி மழை வந்துவிடும். மழையில் இறக்கிய கொடி மண்ணுக்குள் வேர் விடுவதற்குப் பதிலாக அழுகும். இறக்க வேண்டிய மாதத்தில் இறக்கிவிடுங்கள். அந்தச் சில வாரத்துக்கு வேண்டிய காசை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மக்கிய தொழு உரம், வேப்பம்பிண்ணாக்கு, ஆட்டுப்புழுக்கை, வண்டல் மண். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலை அகலமாக, கரும்பச்சையாக வரும், கண்ணுக்கு அழகு. ஆனால் தடிப்பு இருக்காது, காரம் இருக்காது, மூட்டையில் போட்ட மறுநாளே அழுகல் வாடை வரும். கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் ஆந்திராவுக்கும் போகிற இலை வழியிலேயே கெட்டால், அந்த வியாபாரி அடுத்த முறை உங்கள் சுமையைத் தொடமாட்டார்.

நாலாவது, கிள்ளு. முதிர்ந்த இலையைக் கொஞ்சம் காம்போடு கிள்ள வேண்டும். காம்பில்லாத இலை சீக்கிரம் வதங்கும். காம்பு நீளமாக இருந்தால் அடுக்க நிற்காது. நுனிக்கொழுந்துப் பக்கம் சில இலையை விட்டுவிட வேண்டும். அதையும் கிள்ளினால் கொடி எதை வைத்து வளரும்? கட்டைவிரலில் தகட்டு நகம் மாட்டிக்கொண்டு கிள்ளுகிறவர்கள் உண்டு. கொடியை இழுக்காமல் கிள்ள அது உதவும். இழுத்தால் பற்றுவேர் பட்டையிலிருந்து விட்டுப்போகும். கட்டிய கட்டெல்லாம் வீண். விடியற்காலையில் பறிப்பது நல்லது. ஒரு எக்டேர் கொடிக்காலில் ஆண்டுக்கு 75 லட்சம் முதல் 1 கோடி இலை வரும் என்று வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கிறது. அத்தனையும் ஒவ்வொன்றாக விரல் கிள்ளியது. இதற்கு இன்றுவரை மிஷின் கிடையாது.

ஐந்தாவது, கவுளி. நூறு இலை ஒரு கவுளி. 104 கவுளி ஒரு சுமை. எங்கள் ஊர் ஏலம் எல்லாம் இந்தச் சுமைக் கணக்கில்தான். கவுளி வேலையில் மாமாவைவிட அத்தை பெரிய ஆள். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே அடுக்குவார், எண்ணிக்கை தப்பாது. "பேசறது வாயி, எண்றது வெரலு. ரெண்டையும் கலக்காதே" என்பார். இலையை முதுகும் முகமும் பார்த்து, காம்பு ஒருபக்கமாகச் சேர்த்து, அளவு பிரித்து அடுக்க வேண்டும். மேலும் கீழும் நல்ல இலையை வைத்து, நடுவில் சிறுசையும் பழுத்ததையும் ஒளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்டிக்காரர் நேராக நடுவில்தான் விரலை விடுவார். ஒருமுறை பிடிபட்ட பெயரைக் கழுவ வருஷக்கணக்காகும். வாழைமட்டையில் சுற்றி, தண்ணீர் தெளித்து வைத்தால் இலை மறுநாளும் மொறுமொறுப்பாக நிற்கும். அதிகம் தெளித்தால் அழுகும்.

கடைசியில் சந்தை. வேலூரிலும் பொத்தனூரிலும் பாண்டமங்கலத்திலும் ஏலம் நடக்கிறது. வெள்ளைக்கொடி ரகத்துக்கு ஒரு விலை, கற்பூரி ரகத்துக்கு அதைவிடக் குறைவு. இளம்பயிர் இலைக்கு ஒரு விலை, முதியம்பயிர் இலைக்கு அதிலும் குறைவு. முகூர்த்த மாதத்தில் ஏறும், ஆடியிலும் மார்கழியிலும் இறங்கும். மழை பனியால் வரத்துக் குறைந்தால் மறுபடி ஏறும். இதில் நம் கையில் இருப்பது எதுவுமில்லை. விலை இல்லையென்று கிள்ளாமல் விட்டால் இலை கொடியிலேயே பழுக்கும். ஆகவே கிள்ளித்தான் ஆக வேண்டும், கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். நல்ல கொடிக்கால்காரர் ஏலத்தில் வாயைத் திறக்கவே வேண்டாம். அவர் சுமையை அடையாளம் கண்டு எடுக்கிறவர்கள் இருப்பார்கள்.

சோழவந்தான் வெற்றிலைக்கும் ஆத்தூர் வெற்றிலைக்கும் 2023இல் புவிசார் குறியீடு வந்தது. பின்னால் கும்பகோணம் வெற்றிலைக்கும் வந்தது. நல்லது. குறியீடு இலையின் பேரைக் காப்பாற்றும், வடிகாலைத் தூர்வாராது. பாக்கெட் பாக்கு வந்த பிறகு வெற்றிலை போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்பதும் உண்மை. கூலி ஏறியதும் உண்மை. ஆனாலும் கல்யாணத் தாம்பூலத்துக்கும் கோயில் தட்டுக்கும் வேறு இலை கிடையாது. அதற்கு யாரோ ஒருவர் மழை ராத்திரியில் மண்வெட்டியோடு போய்த்தான் ஆக வேண்டும்.

விலை மட்டும் தெரிய வேண்டுமென்றால் பேப்பரில் போடுகிறார்கள், பார்த்துக்கொள்ளலாம். வேலை பழக வேண்டுமென்றால் வைகாசியில் அகத்தி விதைக்கிற நாளிலேயே வாருங்கள். கொடி ஏறி, இறங்கி, முதியம்பயிராகித் தோட்டம் கலைக்கிற வரை இருங்கள். மூன்று வருஷம் ஆகும். அதற்குக் குறைந்து யாரும் கொடிக்கால்காரர் ஆனதில்லை.